எல்லா போஸும் ஒரே குடும்பமா? (கடிதம்)

வணக்கம்.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஜனவரி 23, நேதாஜி பிறந்த நாளுக்காகப் பள்ளியில் ஒரு சார்ட் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். உறவினர் வாட்ஸ்ஆப் குழுவில் வந்த ஒரு ஃபார்வர்டை வைத்து அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள். "ஒரே குடும்பம், ஆறு மாமனிதர்கள்" என்று தலைப்பு. அதன்படி விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் வீட்டுக்கு மூத்தவர். சத்யேந்திர நாத் போஸும் சுபாஷ் சந்திர போஸும் அவருடைய தம்பி மகன்கள். ராஷ் பிஹாரி போஸ் நேதாஜிக்குச் சித்தப்பா. குதிராம் போஸ் ஒன்றுவிட்ட அண்ணன். ஓவியர் நந்தலால் போஸும் பங்காளி. 'போசான்' என்ற துகளுக்கு ஜகதீஷின் பெயரை வைத்தார்கள், அதற்காக அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது என்று முடிகிறது.

எனக்கு எங்கேயோ இடிக்கிறது. ஆனால் எல்லாரும் வங்காளிகள், ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள். உறவே இல்லாமல் ஒரே பெயரில் இத்தனை பேர் எப்படி வந்தார்கள்? எங்கள் பெரியப்பா பெயர் சந்திரபோஸ். போஸ் என்பது நேதாஜியின் சொந்தப் பெயர் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். கொஞ்சம் விளக்கினால் மகளுக்கும் உதவும்.

பி.கு.: ஸ்பீக்கர் செய்கிற போஸ் கம்பெனிக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் உண்டா?

மு.

* * *

அன்புள்ள மு.,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லை. அந்த ஆறு பேரில் யாரும் யாருக்கும் அண்ணனோ தம்பியோ சித்தப்பாவோ கிடையாது. அப்பாக்களையும் ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஜகதீஷின் அப்பா பகவான் சந்திர போஸ், டெபுடி மாஜிஸ்திரேட். பூர்வீகம் டாக்கா பக்கத்து விக்ரம்பூர். சத்யேந்திராவின் அப்பா சுரேந்திரநாத் போஸ் கல்கத்தாவில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்தவர். சுபாஷின் அப்பா ஜானகிநாத் போஸ் ஒரிசாவில் கட்டாக்கில் வக்கீல். பூர்வீகம் கல்கத்தாவுக்குத் தெற்கே உள்ள கோடாலியா. ராஷ் பிஹாரி, பர்த்வான் மாவட்டத்து சுபல்தஹா கிராமத்துக் குடும்பத்தில் பிறந்தவர். குதிராம், மேதினிப்பூர். நந்தலால் பிறந்ததே பீகாரில், முங்கேர் பக்கத்துக் கரக்பூரில். ஆறு குடும்பங்கள், ஆறு திசைகள்.

அப்படியானால் இத்தனை போஸ்கள் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். போஸ் என்பது ஒரு வீட்டின் பெயர் இல்லை, ஒரு பெரிய சமூகப் பிரிவின் பெயர். வங்காளத்தில் காயஸ்தர் என்ற சாதியில் உயர்ந்தவையாகக் கருதப்பட்ட சில பிரிவுகள் உண்டு. போஸ், கோஷ், மித்ரா, குஹா ஆகியவை அவற்றில் சில. பாசு என்பதும் இதே பெயர்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் போஸ் என்றும் சிலர் பாசு என்றும் எழுதிக்கொண்டார்கள். 1977 முதல் 2000 வரை மேற்கு வங்க முதல்வராக இருந்த ஜோதி பாசுவும் இந்தப் பெயர்க்காரர்தான்.

நமக்குப் பழகிய உதாரணம் சொன்னால் மகளுக்குச் சட்டென்று புரியும். புதுச்சேரியில் துய்ப்ளேயிடம் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, கப்பல் ஓட்டிய வ.உ.சிதம்பரம் பிள்ளை, மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளை, முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. இவர்களை ஒரே குடும்பம் என்று யாராவது சொன்னால் நாம் நம்பமாட்டோம். நமக்கு ஊர் தெரியும், வழக்கம் தெரியும். வங்காளத்தைப் பற்றி அந்த அளவுக்குத் தெரியாததால் போஸ் என்றதும் ஒரே வீடு என்று நினைத்துவிடுகிறோம். இதை நம்புகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டு வளர்ந்தவர்கள் நாம். குடும்பப்பெயர் என்ற ஏற்பாடே நம்மில் பலருக்கு அந்நியம். அதனால்தான் உங்கள் பெரியப்பாவுக்கு அந்தப் பெயர் வைக்க முடிந்தது. வங்காளத்தில் ஒருவர் தன் பிள்ளைக்குப் போஸ் என்று பெயர் சூட்ட முடியாது. அது பிறப்போடு வருவது. நம் ஊரிலோ அந்த மனிதர் மேல் இருந்த பிரியத்தினால் பெயரை எடுத்துப் பிள்ளைக்கு வைத்தார்கள். அந்தப் பிரியம் எனக்கு மிகவும் பெரிதாகத் தெரிகிறது.

சரி, ஒரே பிரிவிலிருந்து இத்தனை பேர் எப்படி மேலே வந்தார்கள்? காயஸ்தர்களின் பரம்பரைத் தொழில் எழுத்தும் கணக்கும். நவாபுகள் காலத்தில் பாரசீகம் படித்து அரசு வேலை பார்த்தார்கள். ஆங்கிலேயர் வந்ததும் ஆங்கிலம் படித்தார்கள். கல்கத்தாவில் 1817-ல் இந்துக் கல்லூரி தொடங்கியது. அது 1855-ல் பிரசிடென்சி கல்லூரி ஆயிற்று. நிலமும் பதவியும் கொஞ்சம் இருந்து, பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டும் என்ற துடிப்பும் இருந்த குடும்பங்கள் அங்கே வந்து சேர்ந்தன. அந்த வாசல் எல்லாச் சாதிக்கும் திறந்திருந்திருந்தால் பட்டியலில் வேறு பல பெயர்களும் இருந்திருக்கும். சத்யேந்திராவின் வகுப்புத் தோழர் மேகநாத் சாகா, சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட ஒரு சிறு கடைக்காரரின் மகன். 1915 எம்.எஸ்ஸி. தேர்வில் சத்யேந்திரா முதலிடம், சாகா இரண்டாமிடம். சாகாவின் பாதை எவ்வளவு கடினமாக இருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் போஸ்களின் வரிசைக்கு அர்த்தம் வரும்.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். குடும்பப்பெயர் ஒரு உறவைக் காட்டும் என்று நினைக்கிறோம். இந்த வங்காளக் கதையில் அது பல இடங்களில் இல்லாத உறவைக் காட்டுகிறது. அதை விடவும் பெரிய விஷயம், இருக்கிற உறவுகளை அது மறைத்துவிடுகிறது. ஏனென்றால் அது ஆண் வழியில் மட்டும் போகிற பெயர். அக்கா, தங்கை, மகள், மனைவி வழியாகப் போகிற உறவெல்லாம் அதில் விழாது.

ஜகதீஷ் வீட்டையே பாருங்கள். அவருடைய சகோதரிகள் இருவரை மைமன்சிங் பகுதியைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவருக்குத் திருமணம் செய்து கொடுத்தார்கள். அந்த வீட்டின் பெயரும் போஸ். இவர்கள் பிரம்ம சமாஜம் என்ற சீர்திருத்த இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். மாப்பிள்ளைகளில் ஒருவர் ஆனந்த மோகன் போஸ். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் ராங்லர், அதாவது முதல் வகுப்பில் தேறியவர், ஆன முதல் இந்தியர் (1874). 1898-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். சுபாஷ் ஹரிபுராவில் தலைவர் ஆவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு போஸ் காங்கிரஸ் தலைவராக இருந்திருக்கிறார், அதுவும் நம் சென்னையில். அந்த ஃபார்வர்டில் இவர் பெயரே இல்லை.

இன்னொரு மாப்பிள்ளை மோகினி மோகன் போஸ். அவருக்கும் ஜகதீஷின் சகோதரி சுபர்ணபிரபாவுக்கும் பிறந்தவர் தேவேந்திர மோகன் போஸ். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட, ஜகதீஷின் பொறுப்பில் படித்து வளர்ந்தார். ஜகதீஷ் அவருக்குத் தாய்மாமன். நம் கணக்கில் தாய்மாமன் என்றால் வேறு வீடு. பெயர் ஒன்றாக இருப்பது தற்செயல், உறவு வந்த வழி அம்மா. இருவரும் போஸ், இருவரும் இயற்பியலாளர்கள், உறவும் உண்மை. ஆனால் அந்த உறவுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. சுபர்ணபிரபாவை எடுத்துவிட்டால் சங்கிலியே அறுந்துவிடும்.

இந்தத் தேவேந்திர மோகனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1937-ல் ஜகதீஷ் இறந்தபின் போஸ் ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றவர் இவர். இவரும் பீபா சௌதுரி என்ற இளம் பெண் இயற்பியலாளரும் டார்ஜிலிங் போன்ற உயரமான மலை இடங்களில் புகைப்படத் தகடுகளை மாதக்கணக்கில் வெளியே வைத்துவிட்டு, விண்வெளியிலிருந்து வருகிற காஸ்மிக் கதிர்கள் அவற்றில் பதித்துவிட்டுப் போன தடங்களை நுண்ணோக்கியில் தேடினார்கள். பூச்சு மேல் மில்லிமீட்டரை விடச் சிறிய கோடுகள். கோடு எங்கே வளைகிறது, புள்ளிகள் எங்கே நெருக்கமாகின்றன என்று எண்ணி எண்ணிப் பார்த்து, அந்தத் தடத்தை விட்டுப் போன துகளின் நிறை எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட வேண்டும். 1940-களின் தொடக்கத்தில் 'நேச்சர்' இதழில் கட்டுரைகள் வந்தன. கணக்கைத் துல்லியமாக்க இன்னும் நல்ல தகடுகள் தேவைப்பட்டன. உலகப்போர் நடந்த காலம், அவை இவர்களுக்குக் கிடைக்கவில்லை. போருக்குப் பின் மேம்பட்ட தகடுகளோடு இதே பாதையில் போன செசில் பவலுக்கு 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஜகதீஷ், சத்யேந்திரா என்ற இரண்டு பெரிய பெயர்களுக்கு நடுவே இந்த மூன்றாவது இயற்பியல் போஸ் காணாமலே போய்விட்டார். பீபா சௌதுரிக்கோ அந்தப் பெயரின் நிழல்கூடக் கிடையாது. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம்.

ஜகதீஷுக்கும் சுபாஷுக்கும் நடுவே ஒரு கோடு போட முடியும். அதுவும் ஒரு பெண் வழியாகத்தான். ஜகதீஷின் மனைவி அபலா, துர்கா மோகன் தாஸின் மகள். மருத்துவம் படிக்க வேண்டும் என்று 1882-ல் சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். பின்னாளில் வங்காளத்தில் பெண்கள் படிப்புக்காகவும் விதவைகளின் வாழ்வுக்காகவும் ஆயுள் முழுக்க உழைத்தவர். துர்கா மோகனின் சகோதரர் மகன் யார் தெரியுமா? தேசபந்து சித்தரஞ்சன் தாஸ். ஐ.சி.எஸ். வேலையை உதறிவிட்டு 1921-ல் கல்கத்தா வந்த சுபாஷ், அரசியல் குருவாக ஏற்றுக்கொண்டது அவரைத்தான். ஆக, விஞ்ஞானி போஸின் மனைவியும் நேதாஜியின் குருவும் அண்ணன் தம்பி பிள்ளைகள். இந்தக் கோடு போஸ் என்ற பெயரைத் தொடவே இல்லை, தாஸ் என்ற பெயரில் ஓடுகிறது.

இதை விட எனக்கு வியப்பான ஒன்று உண்டு. சத்யேந்திரநாத் போஸ் என்ற முழுப்பெயரிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் 1894-ல் பிறந்த இயற்பியலாளர். இன்னொருவர் 1882-ல் பிறந்த மேதினிப்பூர்ப் புரட்சியாளர். குதிராமை இயக்கத்துக்குள் கொண்டுவந்தவர் இந்த இரண்டாமவர்தான். 1908 ஏப்ரல் 30 அன்று குதிராமும் பிரபுல்ல சாகியும் முசாபர்பூரில் மாஜிஸ்திரேட் கிங்ஸ்ஃபோர்டைக் குறிவைத்து ஒரு வண்டி மேல் குண்டு வீசினார்கள். அதில் இருந்தது கிங்ஸ்ஃபோர்டு இல்லை, இரண்டு ஆங்கிலப் பெண்கள். இருவரும் இறந்தார்கள். குதிராம் ஆகஸ்ட் 11 அன்று தூக்கிலிடப்பட்டபோது அவருக்குப் பதினெட்டு வயதுதான். அடுத்து வந்த அலிப்பூர் வழக்கில் நரேன் கோஸ்வாமி என்பவர் அப்ரூவர் ஆனார். சத்யேந்திரநாத்தும் கனாயிலால் தத்தாவும் சிறை வளாகத்துக்குள்ளேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் இருவரும் தூக்கில் ஏறினார்கள். பின்னாளில் ஐன்ஸ்டைனுக்குக் கடிதம் எழுதப்போகும் சத்யேந்திரா அப்போது பதினான்கு வயதுப் பள்ளிச் சிறுவன். இந்தக் குழப்பம் இன்றும் ஓயவில்லை. ஒருவர் படத்தின் கீழ் இன்னொருவர் வாழ்க்கைக் குறிப்பைப் போட்டுப் பகிர்கிறார்கள்.

அந்தப் புரட்சியாளருக்கு ஓர் உண்மையான உறவு அதே அலிப்பூர் சிறையில் இருந்தது. அதுவும் பெயரில் தெரியாது. அவருடைய அப்பாவின் சகோதரர் ராஜ்நாராயண் பாசு, வங்காளத்தில் தேசிய உணர்வை விதைத்தவர்களில் முக்கியமானவர். ராஜ்நாராயணின் மகள் சுவர்ணலதா. சுவர்ணலதாவின் மகன் அரவிந்த கோஷ், நம் புதுச்சேரி அரவிந்தர். அப்படியென்றால் சத்யேந்திரநாத் அரவிந்தருக்கு மாமா முறை. வயதில் மாமா பத்து வருடம் இளையவர். ஒருவர் பெயர் போஸ், மற்றவர் பெயர் கோஷ். குடும்பப்பெயரை மட்டும் வைத்துத் தேடுகிறவர் இந்த மாமனையும் மருமகனையும் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கமாட்டார்.

அப்புறம், பெயரும் இரத்தமும் இல்லாமலே ஆட்களைச் சேர்த்துவைத்த இடங்கள் உண்டு. பிரசிடென்சி கல்லூரி அப்படி ஒரு இடம். ஜகதீஷ் 1885-ல் அங்கே இயற்பியல் கற்பிக்கச் சேர்ந்தார். இந்தியர் என்பதற்காக ஐரோப்பிய ஆசிரியர்களை விடக் குறைந்த சம்பளம் நிர்ணயித்தார்கள். அவர் வகுப்புகளை ஒழுங்காக எடுத்தார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. மூன்று ஆண்டுகள். கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்து, முழுச் சம்பளத்தை நிலுவையோடு கொடுத்தது. அவரிடம் படித்த மாணவர் சத்யேந்திரா. 1913-ல் சுபாஷ் அதே கல்லூரியில் சேர்ந்தபோது சத்யேந்திரா எம்.எஸ்ஸி. மாணவர், ஜகதீஷ் இன்னும் பேராசிரியர். ஒரே வளாகத்தில் மூன்று போஸ்கள், மூவரும் ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்கள். இந்திய மாணவர்களிடம் முறைகேடாக நடந்துகொண்டதாக வரலாற்றுப் பேராசிரியர் ஓட்டன் 1916-ல் தாக்கப்பட்டார். அந்த விவகாரத்தில் சுபாஷைக் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். சம்பளத்தை மறுத்த ஆசிரியரும் வெளியேற்றப்பட்ட மாணவரும் எதிர்கொண்டது ஒரே அவமதிப்பைத்தான். அவர்களுக்குள் உறவு தேடுகிறவர்கள் இங்கே தேடலாம்.

சிங்கப்பூர் இன்னொரு இடம். ராஷ் பிஹாரி, டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். 1912 டிசம்பர் 23 அன்று டெல்லி சாந்தினி சௌக்கில் யானை மேல் ஊர்வலம் வந்த வைஸ்ராய் ஹார்டிங் மீது குண்டு வீசப்பட்டது. திட்டம் ராஷ் பிஹாரியுடையது. இரவு ரயிலில் டேராடூன் திரும்பி, எதுவும் நடக்காதது போல அலுவலகம் போனார். குண்டுவீச்சைக் கண்டித்து ஒரு கூட்டமும் நடத்தினார். பிறகு கதர் (Ghadar, கதர் துணி இல்லை) என்ற புரட்சி இயக்கத்தோடு சேர்ந்து 1915-ல் போட்ட எழுச்சித் திட்டம் காட்டிக்கொடுக்கப்பட்டது. தேடுதல் வேட்டை நடந்துகொண்டிருக்கும்போதே கல்கத்தாவில் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். எந்தப் பெயரில் தெரியுமா? பி.என்.தாகூர். ரவீந்திரநாத் தாகூர் ஜப்பான் போகப்போகிறார் என்ற பேச்சு அப்போது இருந்தது. நான் அவருடைய உறவினன், ஏற்பாடுகளைக் கவனிக்க முன்கூட்டியே போகிறேன் என்று சொல்லிக்கொண்டார். கப்பல் கிளம்பிப் போய்ச் சேர்ந்தும்விட்டது. பெரிய குடும்பப்பெயர் ஒன்றைக் கேட்டதும் உறவாகத்தான் இருக்கும் என்று மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுகிறார்கள் என்பதற்கு வரலாற்றில் இதை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஜப்பானில் அவரை ஒளித்துவைத்துக் காத்தது டோக்கியோவில் நாகாமுராயா என்ற ரொட்டிக்கடை நடத்திய சோமா குடும்பம். 1918-ல் அந்த வீட்டு மகள் தோஷிகோவை மணந்தார். ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். 1942-ல் இந்திய சுதந்திர லீகைக் கட்டி எழுப்பினார். கேப்டன் மோகன் சிங் அமைத்த முதல் இந்திய தேசிய ராணுவம் அந்த ஆண்டு இறுதியிலேயே ஜப்பானியர்களோடு ஏற்பட்ட பிணக்கில் கலைந்தது. மிச்சம் இருந்ததைச் சிதறாமல் வைத்திருந்தவர் உடல்நலம் குன்றிய இந்த முதியவர். 1943 ஜூலை 4, சிங்கப்பூர் கத்தே அரங்கம். மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்தவர்கள் நிறைந்த கூட்டத்தில், ஐம்பத்தேழு வயது போஸ் எழுந்து நாற்பத்தாறு வயது போஸிடம் தலைமையைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஆலோசகராக ஒதுங்கிக்கொண்டார். 1945 ஜனவரியில் டோக்கியோவில் இறந்தார். அவரைச் சித்தப்பா ஆக்கும்போது என்ன நடக்கிறது பாருங்கள். ஒரு முதியவர் இருபத்தெட்டு வருட நாடுகடந்த வாழ்க்கையில் சேர்த்ததை எல்லாம், எந்தச் சொந்தமும் இல்லாத ஒருவரிடம், தகுதி பார்த்துக் கொடுத்தார் என்ற செயல் குடும்பச் சொத்தை மருமகனுக்கோ மகனுக்கோ மாற்றிக்கொடுத்தது போல ஆகிவிடுகிறது. அந்தப் பொய் அவரை எவ்வளவு சிறுமைப்படுத்துகிறது!

சுபாஷுக்கு உண்மையிலேயே ஓர் அண்ணன் இருந்தார், சரத் சந்திர போஸ். பெரிய பாரிஸ்டர். தம்பியின் படிப்புக்கும் அரசியலுக்கும் பின்னால் நின்றவர். 1941 ஜனவரியில் சுபாஷ் எல்ஜின் ரோடு வீட்டுக் காவலிலிருந்து நள்ளிரவில் தப்பியபோது கோமோ ரயில் நிலையம் வரை காரை ஓட்டிச் சென்றவர் சரத்தின் மகன் சிசிர். அந்த ஆண்டு டிசம்பரில் சரத்தைக் கைது செய்து, போர் முடியும் வரை தென்னிந்தியாவில் வைத்திருந்தார்கள். திருச்சிச் சிறை, பிறகு மெர்காரா (மடிக்கேரி), பிறகு குன்னூர். ஃபார்வர்ட் எழுதியவர் ஆறு பேருக்குக் கற்பனையில் உறவு கட்டினார், சொந்த அண்ணனை விட்டுவிட்டார்.

நந்தலாலைப் பற்றி ஒரு வார்த்தை. 1938-ல் சுபாஷ் தலைமையில் ஹரிபுரா காங்கிரஸ் நடந்தபோது, காந்தியடிகள் கேட்டுக்கொண்டதற்காக நந்தலால் அந்த மாநாட்டுக்கு ஓவியங்கள் வரைந்தார். நெசவு நெய்கிறவர், மேளம் அடிக்கிறவர், உழவர், மாட்டோடு நிற்கிறவர் என்று கிராமத்து வேலைக்காரர்கள்தான் அதில் நாயகர்கள். பின்னர் அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப் பிரதியை நந்தலாலும் அவர் மாணவர்களும் அலங்கரித்தபோது அதன் ஒரு பக்கத்தில் நேதாஜியின் உருவமும் இடம்பெற்றது. அந்தப் படத்தை மகளுக்குக் காட்டுங்கள், பிடிக்கும்.

போசான் விஷயம். அது ஜகதீஷின் பெயரால் வந்ததில்லை, சத்யேந்திராவின் பெயரால் வந்தது. டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராக இருந்த சத்யேந்திரா, ஒளித் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாதவையாக எடுத்துக்கொண்டு, சூடான பொருள் வெளியிடும் கதிர்வீச்சைக் கணக்கிடும் பிளாங்க்கின் விதியைப் புதிய வழியில் வருவித்தார். 1924 ஜூன் 4 அன்று அந்தக் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் தானே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிடவைத்தார். அந்தக் கணக்கைப் பின்பற்றுகிற துகள்களுக்குப் போசான் என்று பெயர் வைத்தவர் பால் டிராக். ஜகதீஷின் பெருமை வேறு. மில்லிமீட்டர் அலைநீள ரேடியோ அலைகளை 1890-களிலேயே உண்டாக்கி, செலுத்தி, பிடித்துக் காட்டியவர் அவர். பிறகு தாவரங்களின் பக்கம் திரும்பினார். நோபல் பரிசு இருவருக்குமே கிடைக்கவில்லை. ஆசிரியரின் சாதனையையும் மாணவரின் சாதனையையும் ஒரே ஆள் மேல் ஏற்றும்போது இருவருமே குறைந்துபோகிறார்கள். ஜகதீஷுக்கு இன்னொருவர் புகழ் தேவையில்லை, அவருடையதே ஏராளம்.

சார்ட் பற்றி. அவள் செய்ததைக் கிழித்துப் போட வேண்டாம். ஆட்கள் அப்படியே இருக்கட்டும், கோடுகளை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஜகதீஷிலிருந்து சத்யேந்திராவுக்கு ஆசிரியர் என்று ஒரு கோடு. ராஷ் பிஹாரியிலிருந்து சுபாஷுக்குப் பொறுப்பை ஒப்படைத்தவர் என்று ஒரு கோடு. நந்தலாலுக்கும் சுபாஷுக்கும் நடுவே ஹரிபுரா. குதிராமுக்கு மேலே மேதினிப்பூர் சத்யேந்திரநாத்தை, அவர் பிறந்த ஆண்டோடு. சரத்துக்கு ஓர் இடம். அப்புறம் சுபர்ணபிரபா, அபலா, சுவர்ணலதா மூவரின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். குடும்பம் என்று இந்தப் படத்தில் சொல்லத்தக்க உறவுகளில் பெரும்பகுதி அவர்கள் வழியாகப் போவதுதான்.

உங்கள் பின்குறிப்புக்கு: ஸ்பீக்கர் போஸ், அமர் போஸ். 1929-ல் அமெரிக்காவில் பிலடெல்பியாவில் பிறந்தவர். மேலே சொன்ன யாருக்கும் அவர் உறவில்லை. ஆனால் அவருடைய அப்பா நோனி கோபால் போஸ், வங்காளத்தில் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்று, 1920-ல் அமெரிக்காவுக்குத் தப்பிப் போனவர். மகன் எம்.ஐ.டி.யில் படித்து, அங்கேயே 2001 வரை பேராசிரியராக இருந்தார். கம்பெனியைத் தொடங்கியது 1964-ல். 2011-ல் அதன் பங்குகளில் பெரும்பகுதியை, வாக்குரிமை இல்லாத பங்குகளாக, தான் பாடம் நடத்திய எம்.ஐ.டி.க்கே எழுதிக் கொடுத்தார்.

அன்புடன்.